பிளாக் டைம்: ‘நிலையிடை நேரம்’ எனலாமா?

விமானப் பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் தமிழில் எந்தச் சொற்களால் குறிப்பது என்பதே இங்கே கேள்வி. தொலைவுக்கான சொல்லில் எனக்கு ஐயம் இல்லை. புவியின் நடுவத்தையே தன் மையமாகக் கொண்டு புவிப்பரப்பில் அமையும் வட்டத்தின் வில்லாக அளக்கப்படும் மிகக் குறுகிய வழிக்குப் ‘பெருவட்டத் தொலைவு’ என்பதே பொருந்தும். ‘நேர்கோட்டுத் தொலைவு’ என்று எழுதினால், தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடு என்றுதான் படிப்பவர் எண்ணுவார். அந்தக் கோடோ நெடுந்தொலைவுகளில் பெரும்பாலும் சுற்றுவழியாகவே அமையும்.

நேரத்துக்கான சொல்லில்தான் சிக்கல். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் எனக் கொண்டு வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையோ 18 மணி நேரத்துக்கும் மேல் காட்டுகிறது. காற்றுக்கும் வான்வழி விதிகளுக்கும் ஏற்ப விமானம் சற்று விலகிப் பறப்பது ஒரு காரணம். மற்றொன்று, அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று என்பது: விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது, ஓடுபாதை நோக்கி உருண்டு செல்வது, அங்கே தன் முறைக்குக் காத்திருப்பது, தரையிறங்கிய பின் மீண்டும் உருண்டு வந்து நிற்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதைத்தான் விமானத்துறையினர் ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். ‘பறப்பு நேரம்’ என்ற சொல்லை இதற்கும் பயன்படுத்துவது பிழை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

‘தொகுதி நேரம்’ என்ற பெயர்ப்பை ஏற்க இயலவில்லை. இங்கே பிளாக் என்பது தொகுதி அன்று. சக்கரம் உருளாதபடி வைக்கும் கட்டை. கட்டையை எடுத்தது முதல் மறுமுனையில் கட்டை போடும் வரை என்பதே பொருள். ஆனால் ‘முட்டுக்கட்டை நேரம்’ என்றால் தாமதம் என்றே காதில் விழும்.

தேர் நிலையை விட்டுக் கிளம்பியது, நிலைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ‘நிலை’ இங்கே அப்படியே பொருந்துகிறது. விமானம் நகரத் தொடங்கும் நேரம் ‘நிலைபெயர் நேரம்’. வந்து நிற்கும் நேரம் ‘நிலைசேர் நேரம்’. இரண்டுக்கும் இடைப்பட்டது ‘நிலையிடை நேரம்’. ஒரே வேரிலிருந்து மூன்று சொற்களும் கிளைப்பதால் கையேடு எழுதுபவருக்குத் தடுமாற்றம் இராது. ‘நிலை’ என்பதற்கு வேறு பொருள்கள் பல இருப்பது உண்மையே. ஆயினும் அதற்கு மாற்றாக ‘நிறுத்திடை’ என்றால் இரண்டு பேருந்து நிறுத்தங்களே நினைவுக்கு வரும்.

காற்றைப் பற்றி எழுதும்போதும் இந்த வேறுபாடு உதவும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். உயர் வானில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து வீசும் ஜெட் காற்று பின்னிருந்து தள்ளுவதால், நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்பும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. குறைவது பறப்பு நேரம். தரையில் உருளும் நேரத்துக்கும் அந்த ஜெட் காற்றுக்கும் தொடர்பில்லை.

‘பயண நேரம்’ என்பதை, இடையில் விமானம் மாறக் காத்திருப்பதையும் சேர்த்த மொத்தக் கால அளவுக்கு ஒதுக்கிவிடலாம் என்பது என் பரிந்துரை.