புதுப்பிப்பு: தம்பி வந்துவிட்டான்

போன வாரம் எழுதியிருந்தேனே, அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், கப்பலில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை, அம்மா கல்கல் பலகாரம்கூட வேண்டாம் என்கிறார் என்று. வந்துவிட்டான்! 23ஆம் தேதி விடியற்காலையில் வாசலில் பையோடு நின்றான். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மைதா டப்பாவை இறக்கினார்.

அப்புறம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டினோம். அப்பா சுருட்டுவது எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தம்பியுடையதும் அப்படியே. அதில் ஒன்றை அம்மா உள்ளங்கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

ராயபுரத்துக்கே பெயர் தந்த ராயப்பர் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்கு நான்கு பேரும் போனோம். மறுநாள் காசிமேட்டு வஞ்சிரம். ஜெபித்த எல்லோருக்கும் நன்றி. ஜனவரி 3 வரை இருக்கிறான்.