விளக்கைப் 'பொருத்து' என்றால் என்ன செய்யணும்?

புது மருமகன்:
எனக்கு ஊர் சென்னை. பெண் எடுத்தது பாளையங்கோட்டையில். போன வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரம் மனைவியின் ஆச்சி, "விளக்கைப் பொருத்துங்க" என்றார்கள். வாசல் பல்பு ஃபியூஸ் போயிருந்ததால் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டேன். கையில் பல்பு, கீழே வீடே சிரிக்கிறது. அவர்கள் சொன்னது மாடக்குழி அகல்விளக்கை! பொருத்துவது என்றால் மாட்டுவதுதானே? இந்த அர்த்தம் எப்படி வந்தது?

டவுன் அண்ணாச்சி:
மாப்பிள்ளை, இங்கே அடுப்பையும் பொருத்துவோம். 'விளக்கு பொருத்துற நேரம்' என்றால் அந்திதான்.

தமிழ் வாத்தியார்:
அகராதியிலும் இந்தப் பொருள் உண்டு. திருந்து, திருத்து போலத்தான் பொருந்து, பொருத்து. ஆச்சி அடுத்த விளக்கை ஏற்றும்போது கவனியுங்கள்: எரிகிற திரியோடு புதுத் திரியைச் சேர்த்துப் பிடிப்பார்கள். நெருப்பு வந்து பொருந்திக்கொள்ளும். 'பற்ற வை'யும் அதே கதைதான், பற்றுவது என்றால் பிடிப்பது. இரண்டுமே இருக்கிற நெருப்பைக் கைமாற்றுகிற சொற்கள் என்பது என் எண்ணம். புதிதாக உண்டாக்க 'ஞெலி' என்று பழைய வினை இருந்தது. கட்டையைக் கடைந்து தீ எடுப்பது. கூரை விளிம்பில் செருகிய ஞெலிகோல், அதாவது தீக்கடையும் கோல் போல அடங்கியிருக்கவும் தெரியும், அதில் பிறக்கும் தீயாய்த் தோன்றவும் தெரியும் என்று புறநானூறு 315இல் ஔவையார் அதியமானைச் சொல்கிறார்.

கைலிக்கடை:
சரி, தீ மூட்டுவது? நாங்கள் நாள் முழுக்கக் கைலிதான் மூட்டிக்கொண்டிருக்கிறோம் சார்.

தமிழ் வாத்தியார்:
அது வேறு, இது வேறு. உங்கள் மூட்டு இரண்டு ஓரத்தைச் சேர்ப்பது, முழங்கால் மூட்டு மாதிரி. தீ மூட்டுவது 'மூள்' என்பதிலிருந்து. உருள், உருட்டு, மூள், மூட்டு. சண்டை மூண்டது என்கிறோமே, அதே மூள்தான்.

செங்கோட்டைக்காரி:
1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் எங்களுடையது. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் விளக்கைக் 'கொளுத்து'வார்கள். அங்கே மங்கலமான சொல். இங்கே குப்பையைத்தான் கொளுத்துவோம், அப்புறம் கார்த்திகைக்குச் சொக்கப்பனை.

புது மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு நானே பொருத்தினேன். காற்றில் நாலு குச்சி வீண். ஐந்தாவதில் திரி பிடித்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, வாசலைக் காட்டினார்கள். பல்பு இன்னும் மாட்டவில்லை.