வேகமா நடக்கேக்கை ஸ்மார்ட் மணிக்கூடு நாடித்துடிப்பை 130 எண்டு காட்டுது, ஏன்?

வடலி:
அப்பாவுக்கு 58 வயது. பிரஷருக்கு அற்றினோலோல் குளிசை போடுறார். காலமை யாழ்ப்பாணம் பண்ணைப் பக்கம் வேகமா நடக்கேக்கை மணிக்கூடு 130 எண்டு காட்டி எச்சரிக்குது. இளைப்போ நெஞ்சு நோவோ இல்லை. நிண்ட உடனை 95க்கு இறங்கீடும். பழுது மணிக்கூட்டிலையோ, இதயத்திலையோ?

பாலை:
"நிண்ட உடனை" எண்டதிலையே விடை கிடக்கு. இதயம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். நாலைஞ்சு செக்கனிலை 35 குறைஞ்சால் மணிக்கூடு எண்ணினது காலடியைத்தான்.

மணிக்கூட்டின்ரை பின்பக்கத்துப் பச்சை வெளிச்சத்தை இரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வாற வெளிச்சம் குறைஞ்சு கூடும். நடக்கேக்கை கை ஆடுறதாலையும் அதே மாதிரி ஏற்ற இறக்கம் வரும். எது துடிப்பு, எது அசைவு எண்டு பிரிக்கிறது உள்ளை இருக்கிற கணினி நிரல். அசைவு உணரியின்ரை கணக்கை வைச்சுக் கழிக்கும். வார் தளர்வா இருந்தால் அசைவு மேலோங்கி, நிரல் அதையே துடிப்பெண்டு பிடிச்சிடும்.

சோதிக்க: 30 செக்கன் அடியை எண்ணி இரண்டாலை பெருக்குங்கோ. பிறகு நிண்ட உடனை பெருவிரல் பக்க மணிக்கட்டிலை இரண்டு விரல் வைச்சு 15 செக்கன் நாடி எண்ணி, நாலாலை பெருக்குங்கோ.

மணிக்கட்டு எலும்புக்கு மேலை ஒரு விரல் அகலம் தள்ளி, வழுக்காத அளவுக்கு இறுக்கிக் கட்டவேணும். நடந்து முடிய தளர்த்துங்கோ. எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி; வியர்வையோடை சேர்ந்து பின்பக்கக் கண்ணாடியிலை வெள்ளையாப் படியும். ஈரத் துணியாலை துடையுங்கோ, கத்தியாலை சுரண்டாதேங்கோ. நடக்க முதல் "நடை" முறையைப் போட்டுவிட்டால் இடைவிடாமல் அளக்கும்.

மருந்துப்பெட்டி:
குளிசையையும் மறக்காதேங்கோ. அற்றினோலோல் துடிப்பைக் குறைக்கிற மருந்து. கன மணிக்கூடுகள் 220இலை வயதைக் கழிச்சு, இவருக்கு 162 எண்டு உச்ச அளவு வைச்சிருக்கும். அந்தக் கணக்கு இந்தக் குளிசை போடுறவருக்குப் பொருந்தாது. மணிக்கூட்டைப் பாத்துக் குளிசையைக் கூட்டவோ நிப்பாட்டவோ கூடாது.

சும்மா இருக்கேக்கை "சீரில்லாத துடிப்பு" எண்டு எச்சரிச்சால் கதை வேறை. டொக்டரிட்டைக் காட்டி ஈசிஜி எடுங்கோ. மாரடைப்பை மணிக்கூடு கண்டுபிடிக்காது. நெஞ்சு நோ வந்தால் திரையைப் பாத்துக்கொண்டு நிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

வடலி:
30 செக்கனிலை 65 அடி. அப்ப அதே 130! வாரை ஏத்திக் கட்டினாப் பிறகு நடக்கேக்கை 98. கையாலை எண்ண 96.

பாலை:
அந்தளவு வித்தியாசம் பரவாயில்லை. திரும்பவும் எண்ணிக்கை பாய்ஞ்சால் நெஞ்சுப் பட்டி ஒண்டை போனோடை இணையுங்கோ. அது இதயத்தின்ரை மின் சமிக்ஞையை அளக்கிறதாலை கையாட்டம் அதைக் குழப்பாது.