புதுப்பிப்பு: பெயர் தெரியாத அந்த 16 கால் ஐசி கிட், விடை கிடைத்துவிட்டது

போன மாதம் ஆன்லைனில் வாங்கிய, நாமே சால்டர் செய்து சேர்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கிட்டில் விளக்கத்தாள் இல்லை, ஐசியின் (சிப்பின்) மேல் எழுத்தையும் தேய்த்திருக்கிறார்கள், இது என்ன என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "ஐசியை விடுங்க, பவர் எந்தக் காலுக்குப் போகுதுன்னு பாருங்க" என்று ஒரு அண்ணா சொன்ன யோசனை. மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் முறையில்) வைத்து, பவர் வரும் டிசி ஜாக்கிலிருந்து தடம் பிடித்தேன். பிளஸ் 4ஆம் காலில், கிரவுண்ட் 12இல். சாதாரண 16 கால் லாஜிக் ஐசி (டிஜிட்டல் சிப்) என்றால் பெரும்பாலும் பிளஸ் 16இல், கிரவுண்ட் 8இல் இருக்கும். 4, 12 என்றதும் அவர் சொல்லிவிட்டார்: எக்ஸ்ஆர்2206, பல வடிவ மின் அலைகளை உண்டாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர். எல்இடி சேஸர் (வரிசையாக ஓடி எரியும் விளக்கு) என்று நான் அப்போது அடித்துச் சொன்னதை மறந்துவிடுங்கள்.

சால்டர் செய்து 12 வோல்ட் கொடுத்தேன். சைன் அலை வந்தது, ஜம்பரைக் கழற்றினால் முக்கோணம். சதுர அலை மட்டும் வரவே இல்லை. ஐசி போலி என்று நினைத்து, வேறு வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடுக்குக் கிளம்பியே விட்டேன். அப்புறம் பார்த்தால், சதுர அலை வரும் 11ஆம் கால் ஓப்பன் கலெக்டர், அதாவது பிளஸ்ஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வந்தால்தான் அதில் அலை தெரியும். அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் சால்டர் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி சூடு காட்டியதும் சரி.