புதுப்பிப்பு: புதுப் பெட்டைகள் மூன்றும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டன

புதிதாக வாங்கிய மூன்று பெட்டைகளைப் பழைய கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன என்று எழுதியிருந்தேன். 30 நாள் தனியாக வைத்து நோய் இல்லையென்று பார்த்தது சரி; அப்புறம் நேராக உள்ளே விட்டதுதான் தவறு.

மறுபடி பிரித்து, கொட்டகைக்குள்ளேயே கம்பி வலைத் தடுப்புப் போட்டு ஒரு வாரம் வைத்தேன். ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளலாம், கொத்த முடியாது. மூத்த பெட்டை இரண்டு நாள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையோரமே நடந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால், வலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒட்டிப் படுத்து மண்குளியல்! அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

எட்டாம் நாள் இருட்டியதும் புதியவற்றைத் தூக்கி, மற்றவை அடைந்திருந்த கட்டையிலேயே உட்கார வைத்தேன். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடங்களில், நன்றாகத் தள்ளி. இதைமட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போதும் சின்னக் கொத்து விழுகிறது, ரத்தம் இல்லை. சின்னவளின் கொண்டைக் காயமும் ஆறிவிட்டது.