புதுப்பிப்பு: உதவி கேட்டுப் போனால் மதம் கேட்பார்களா?

கணவரை இழந்த பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவ அமைப்பிடம் உதவி கேட்கத் தயங்குகிறார், மதம் மாறச் சொல்வார்களோ என்று பயம், என்ன செய்யலாம் என போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையை அணுகினோம். இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். 1833-ல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய காலத்திலிருந்தே ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் இவர்கள் வழக்கம். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை பாக்கி, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்கள், அப்புறம் ஒருவர் பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தப்பாகப் போட்டிருந்த வகுத்தல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார், அக்கா அப்போதுதான் அழுதார். வாடகைக்குப் பணம் நேற்று வந்துவிட்டது. கட்டணம் அடுத்த கூட்டத்தில் முடிவாகும், தெரிந்ததும் எழுதுகிறேன்.