முதலூர் (திருநெல்வேலிப் பக்கம்), 1880-கள்: சபைத் திருமணப் பதிவு எங்கே இருக்கும்?

பூட்டனாருக்கு 1880-களில் முதலூர் அருகே ஒரு எஸ்.பி.ஜி. (ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம்) சபையில் திருமணம். அவருடைய அப்பா ஞானஸ்நானத்துக்கு முன் வைத்திருந்த பெயர் வேண்டும். அதில்தான் தேடல் நிற்கிறது.

நிலத்தின் வழியே போனதில் இன்றைய சர்வே எண், யு.டி.ஆருக்கு (1980-களின் நிலப் பதிவேடு புதுப்பிப்பு) முந்தைய பட்டா, பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டம்) 'அ' பதிவேடு வரை எட்டியாயிற்று. அதில் கிறிஸ்தவப் பெயர் மட்டும். பனைவிளை வாங்கிய 1893 கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயர் வரும் இடத்தைச் செல் அரித்து, 'மாட' என்ற இரண்டெழுத்து மிச்சம். சுடலைமாடனா, வேறா? அந்த வட்டாரத்தில் மாடனுக்கா பஞ்சம்!

சபைத் திருமணப் புத்தகத்தில் 1881–86 ஏடுகள் இல்லை. பெண் மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எம்.எஸ். (இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன்) சபை. ஓலை (திருமண அறிவிப்பு) அங்கேயும் வாசித்திருப்பார்கள், ஆனால் ஓலைப் புத்தகம் இல்லை. ஃபேமிலிசர்ச் வம்சாவளித் தளத்தில் பல எழுத்துக்கூட்டலில் தேடியாயிற்று. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் என்/2 (சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் படிகள்) அட்டவணையில் கண்ணில் பட்டதெல்லாம் ஐரோப்பியர் பெயர்கள்.

1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஆங்கிலிக்கன் குருமார் காலாண்டுதோறும் இரட்டைப் படி அனுப்பும் விதி இந்தியக் கிறிஸ்தவர் திருமணங்களுக்கு இல்லை; அவற்றைத் தனிப் புத்தகத்தில் பதிந்து, அது நிரம்பியதும் மாவட்டத் திருமணப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். திருநெல்வேலியில் அப்படிப் போன புத்தகங்களை இப்போது எந்த அலுவலகத்தில் பார்க்கலாம்?